நிறம் மாறிய நாணயம் பழுதானதா?

புணே நகரின் ராஸ்தா பேட்டையில், நண்பர் ஒருவரின் இல்லத்து முன்னறையில், மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் நாங்கள் சிலர் கூடுகிறோம். கட்கியிலும் பிம்பிரியிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழர்கள் எங்களுள் பெரும்பாலோர். மங்கள்வார் பேட்டைப் பக்கம் புதன்கிழமைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூடிவந்த ஜூனா பஜாரில், பழைய இரும்புச் சாமான்களுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவே சிவராயி செப்புக் காசுகளைத் தேடிப் பொறுக்கிய காலத்தில் எங்கள் நட்பு தொடங்கியது. நாணயம் சேர்ப்பதை நாங்கள் வணிகமாகச் செய்வதில்லை. ஆயினும், நாணயம் ஒன்றை விற்க நேரும் குடும்பங்கள் எங்களிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. அவ்வாறு வந்த ஒரு குடும்பத்தின் அனுபவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் காலமான சில மாதங்களுக்குப் பின் அவருடைய துணைவியார் எங்களை அழைத்தார். வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் இரண்டு நாணயத் தொகுப்புகள் இருந்தன. காந்தியடிகளின் பிறந்த நூற்றாண்டை ஒட்டி 1969 ஆம் ஆண்டு வெளியான ப்ரூஃப் தொகுப்புகள் அவை. மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று பல ஆண்டுகளுக்கு முன்பே வாங்கி வைத்திருந்தார் நண்பர். பிள்ளைகளுக்கிடையே வேற்றுமை காட்டலாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தவர். இரண்டு பெட்டிகளும் ஒரே நாளில் வாங்கப்பட்டு, ஒரே பெட்டகத்தில், அருகருகே இருந்தவை.

நாங்கள் சென்றபோது மகளின் பெட்டி அப்படியே இருந்தது. அதிலிருந்த 10 ரூபாய் வெள்ளி நாணயத்தின் விளிம்பில் பொன்னிறமும், அதற்கு உட்புறம் செம்பழுப்பும், ஓரிடத்தில் மெல்லிய நீலமும் படர்ந்திருந்தன. மகனுடைய நாணயமோ புதிய பாத்திரம்போல் வெளுத்துப் பளிச்சிட்டது. கறுத்திருந்த நாணயத்தை விபூதியிட்டுத் தேய்த்து, எலுமிச்சைச் சாற்றில் கழுவித் துடைத்து வைத்திருந்தார் அவர். எங்கள் முகங்களைக் கண்டதும், “பளபளவென்று இருந்தால்தானே மாமா, நல்ல விலை கிடைக்கும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் விளக்குவதே வழக்கம். ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அந்த நாணயத்தை வைத்தபோது, கண்ணாடிபோல் இருக்க வேண்டிய பரப்பு முழுவதும் நூற்றுக்கணக்கான மயிரிழைக் கீறல்கள் வட்டவட்டமாக ஓடுவதைக் கண்டோம். அந்த நாணயத்தை வணிகர் ஒருவரிடம் காட்டியபோது வெள்ளியின் எடைக்குரிய விலையையே அவர் கூறினார். தேய்க்கப்படாத மற்றொன்றையோ அதே வணிகர் சேகரிப்போருக்கு உரிய பொருளாக மதித்தார். தந்தை சமமாகப் பிரித்து வைத்தவை, அரை மணி நேர விளக்குதலில் சமமற்றவை ஆகிவிட்டன.

இதனால் நாங்கள் வாசகர்முன் வைக்கும் கருத்து இதுதான்: நாணயத்தின் மீது காலம் படரவிடும் நிறம் பெரும்பாலும் பழுதன்று; அதை நீக்க முயலும் நம் கைகளே பழுதை உண்டாக்குகின்றன. அதேவேளையில், நிறம் ஏறிய நாணயமெல்லாம் உயர்ந்தது என்று விலை கூட்டும் இன்றைய மோகத்தையும் நாங்கள் ஏற்கவில்லை.

ப்ரூஃப் என்பது எது?

‘ப்ரூஃப்’ என்ற சொல் நாணயத்தின் நிலையைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நாணயம் செய்யப்பட்ட முறையைக் குறிக்கும் பெயர். புழக்கத்துக்கான நாணயங்கள் விரைந்து ஓடும் இயந்திரங்களில் ஒரே அடியில் அச்சாகிக் குவியலாக விழுகின்றன. ப்ரூஃப் நாணயத்துக்கோ, அச்சும் வெற்று வில்லையும் முன்னரே மெருகேற்றப்படுகின்றன; மிகுந்த அழுத்தத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை அச்சிடப்படுகின்றன; பின்பு ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைக்கப்படுகின்றன. இதனால் பின்புலம் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். உருவமும் எழுத்தும் பனி படர்ந்தாற்போல் மங்கிய வெண்மையுடன் எழுந்து நிற்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே ப்ரூஃப் நாணயத்தின் அழகு.

1829 இல் நிறுவப்பட்ட மும்பை நாணயச்சாலை நம் நாட்டின் ப்ரூஃப் நாணயங்களுக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. பழைய தொகுப்புகளில் ஆண்டெண்ணின் கீழ் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும், நகரின் பெயர் மாறிய பின் வந்தவற்றில் ‘எம்’ என்ற எழுத்தும் அதன் ப்ரூஃப் அடையாளங்களாக உள்ளன. புணே மக்களுக்கு நெருக்கமான ஒரு சான்று வேண்டுமாயின், லோகமான்ய திலகரின் 150 ஆவது பிறந்த ஆண்டை ஒட்டி 2007 ஆம் ஆண்டெண்ணுடன் வந்த நினைவு நாணயங்களைக் கூறலாம்.

இங்கு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கண்ணாடிபோன்ற பரப்பு சிறிதளவு மாற்றத்தையும் மறைக்காது. புழங்கித் தேய்ந்த ஒரு ரூபாயில் புலப்படாத கீறல், ப்ரூஃப் நாணயத்தில் வெளிப்படையாகத் தெரியும். நிறப்படலமும் அவ்வாறே. ஆகவேதான் நிறம் பற்றிய வழக்கு ப்ரூஃப் நாணயங்களில் மிகக் கடுமையாகிறது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

காற்றில் மிகச் சிறிதளவே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலான கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து, அதன் மேற்பரப்பில் சில்வர் சல்பைடு என்னும் படலத்தை உண்டாக்குகின்றன. சேகரிப்போர் இதை ‘டோனிங்’ என்பர். இப்படலம் தொடக்கத்தில் ஒரு தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெயின் மீது வானவில் நிறங்கள் தோன்றுவது போலவே, இம்மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலந்து நிறங்களைக் காட்டுகின்றன. படலம் தடிக்கத் தடிக்க, இளமஞ்சள், பொன்னிறம், செவ்வூதா, நீலம் என நிறங்கள் ஓர் ஒழுங்கில் மாறிச் செல்கின்றன. இறுதியில் ஒளி புகாத சாம்பலும் கருமையும் வந்து சேர்கின்றன.

ஆகவே, அந்த நிறம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு எனக் கருதுவது தவறு. நாணயத்தின் சொந்த வெள்ளியே கந்தகத்தோடு சேர்ந்து உருமாறி நிற்கிறது. படலத்தை நீக்கினால், அதனுள் சென்ற வெள்ளியும் நாணயத்தை விட்டுப் போகிறது. அச்சு பதித்த மூலப்பரப்பின் ஒரு பகுதியை நாம் இழக்கிறோம்.

உலோகத்துக்கு உலோகம் இக்குணம் வேறுபடும். 1969 ஆம் ஆண்டுக் காந்தி தொகுப்பே இதற்குத் தக்க பாடம். அதில் நான்கு நாணயங்கள். 50 காசும் 1 ரூபாயும் நிக்கலால் ஆனவை. பெட்டகத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அவை பெரிதும் மாறுவதில்லை. 20 காசு செம்பும் அலுமினியமும் கலந்தது. அது மெல்லப் பழுப்பேறும். 15 கிராம் எடையுள்ள 10 ரூபாய், 80 விழுக்காடு வெள்ளியும் எஞ்சிய பங்கு செம்பும் கொண்டது. வண்ணங்களெல்லாம் அதன்மேல்தான் விளையாடுகின்றன. பிற்காலத்து 100 ரூபாய் நினைவு நாணயங்கள் பெரும்பாலும் 35 கிராம் எடையும் 44 மில்லிமீட்டர் விட்டமும் உடையவை. 50 விழுக்காடு வெள்ளி, 40 விழுக்காடு செம்பு, நிக்கலும் துத்தநாகமும் 5 விழுக்காடு வீதம். செம்பு மிகுந்த இக்கலவை தூய வெள்ளியைக் காட்டிலும் எளிதில் நிறம் மாறக்கூடியது. எனவே, நம் நாட்டு வெள்ளி ப்ரூஃப் நாணயம் பழுப்பேறி இருந்தால், வைத்திருந்தவர் கவனக்குறைவானவர் என்று உடனே முடிவு கட்டுவது நியாயமாகாது.

சூழலும் இதில் பங்கு கொள்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் புணேயின் மழைக்காலத்து ஈரம், வாகனப் புகை, சாக்கடை வாயு ஆகியவை வினையை விரைவுபடுத்துகின்றன. வீட்டுக்குள்ளும் காரணிகள் உண்டு. செய்தித்தாள், மட்டமான அட்டைப்பெட்டி, கம்பளித் துணி, ரப்பர் வளையம், சிலவகை மரப்பலகை, வண்ணப்பூச்சு ஆகியன கந்தகத்தையோ அமிலத்தையோ வெளிவிடுபவை. ரப்பர் வளையம் சுற்றி வைத்த நாணயத்தில் கறுப்புக் கோடு ஒன்று விழுந்திருப்பதை எங்களில் பலர் கண்டிருக்கிறோம்.

தரமிடுவோர் எப்படிக் காண்கின்றனர்?

இன்று உலகெங்கும் நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரையிலான எண்ணால் குறிக்கின்றனர். அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன், தம் நாட்டின் பழைய செப்புச் சென்ட் நாணயங்களுக்காக 1949 இல் வகுத்த அளவுகோல் இது. மிகத் தாழ்ந்த நிலையிலுள்ள காசின் விலை ஒன்றென்றால், 70 பெற்ற காசின் விலை அதைப்போல் 70 மடங்கு என்பதே அவருடைய தொடக்கக் கணக்கு. பிற்காலத்தில் விலைக்கணக்கு மறைந்து, எண் மட்டும் நிலைத்தது. 1986 இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987 இல் தொடங்கிய என்.ஜி.சி. ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இவ்வளவுகோலைக் கொண்டு நாணயங்களுக்குத் தரமிட்டு, முத்திரையிட்ட தெளிந்த உறையில் வைத்துத் தருகின்றன. சேதமோ புழக்கமோ காணாத ப்ரூஃப் நாணயத்துக்கு 60 முதல் 70 வரை எண் கிடைக்கும்.

இவ்வெண்ணை முடிவு செய்வதில் அச்சின் தெளிவு, பரப்பின் பிரதிபலிப்பு, கீறல்களின் அளவு, கண்ணுக்கு இனிமை ஆகியன கருதப்படுகின்றன. நிறம் என்பது இவற்றுள் கடைசியாகக் கூறியதைச் சார்ந்தது. இயல்பாக ஏறிய, சீரான, ஒளி ஊடுருவும் நிறம் எண்ணைக் குறைப்பதில்லை. சிலபோது உயர்த்தவும் செய்யும். தோற்றத்தில் சிறந்த நாணயத்துக்கு என்.ஜி.சி. நிறுவனம் எண்ணோடு ஒரு நட்சத்திரக் குறியையும் சேர்ப்பதுண்டு. திட்டுத் திட்டாகக் கறுத்த நிறம், பிரதிபலிப்பை மறைக்கும் தடித்த படலம், பரப்பை அரித்துவிட்ட கருமை ஆகியன எண்ணைத் தாழ்த்தும். பின்புலத்துக்கும் உருவத்துக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாக இருப்பவற்றுக்கு ‘கேமியோ’ என்ற சிறப்புக் குறிப்பு உண்டு. நிறப்படலம் இவ்வேறுபாட்டை மூடிவிட்டால், எண் உயர்ந்திருந்தாலும் அக்குறிப்பு கிடைக்காமல் போகலாம். செப்பு நாணயங்களில் சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று நிறத்தையே தனியே எழுதிவிடுகின்றனர்.

தேய்த்துத் துலக்கிய நாணயத்துக்கோ பெரும்பாலும் எண்ணே கிடைப்பதில்லை. ‘துலக்கப்பட்டது’ என்ற குறிப்புடன், விவரம் மட்டும் எழுதித் திருப்பி விடுகின்றனர். செயற்கையாக நிறமேற்றியதென ஐயுற்றாலும் அதே நிலைதான். இந்நிறுவனங்களின் விதிகளில் எங்களுக்குச் சில மாறுபாடுகள் உண்டெனினும், இக்கொள்கை சரியானதே என்று கருதுகிறோம். இயல்பான நிறத்தைக் காலத்தின் இயக்கமாக ஏற்று, மனிதக் குறுக்கீட்டைச் சேதமாகக் கொள்வதுதான் அதன் அடிப்படை.

விளக்கும் நாணயமும்

நம் இல்லங்களில் குத்துவிளக்கையும் வெள்ளிக் கிண்ணத்தையும் வெள்ளிதோறும் துலக்குகிறோம். புளி, விபூதி, எலுமிச்சை ஆகியன தலைமுறைகளாக நம் பெண்டிர் கையாண்டு வந்த நல்ல பொருள்கள். அவ்வழக்கத்தைக் குறை கூற எங்களுக்கு எண்ணமில்லை. விளக்கு புழங்குவதற்கானது, அதன் பரப்பு சற்றுத் தேய்வதால் அதன் பயன் குன்றுவதில்லை. துலக்கத் துலக்க அது நம் வீட்டின் விளக்காகிறது. நாணயமோ அச்சிட்ட கணத்தின் சான்று. அதன் மேற்பரப்பே அதன் உள்ளடக்கம். விபூதியும் பல்பொடியும் பற்பசையும் நுண்ணிய அரம்போல் அப்பரப்பைச் சுரண்டுகின்றன. புளியும் எலுமிச்சையும் கலவையிலுள்ள செம்பைத் தின்கின்றன. கடைகளில் விற்கும், முக்கி எடுத்தவுடன் வெளுக்கச் செய்யும் திரவங்களும் படலத்தோடு வெள்ளியையும் கரைத்து, உயிரற்ற வெண்மையை விட்டுச் செல்கின்றன.

இதைப் புணேயில் எளிதாக விளக்க முடிகிறது. சத்ரபதி சிவாஜி காலம் முதல் புழங்கிய சிவராயி செப்புக் காசை வாங்க வருபவர், அதன் கரும்பழுப்பு மேனியைப் பார்த்தே மதிப்பிடுகிறார். அதைத் தேய்த்துச் செம்பொன்னாக்கிக் கொடுத்தால், “இது உண்மையானதுதானா?” என்று ஐயுறுகிறார். செப்புக்குக் கொடுக்கும் இம்மரியாதையை வெள்ளிக்கு ஏன் மறுக்க வேண்டும்? தெளிவாகச் சொன்னால், வெள்ளி என்றதும் நம்மில் பலர் அதை நகையின் கண்ணோடு பார்த்துவிடுகிறோம். அப்பழக்கம்தான் எங்கள் நண்பரின் மகனையும் ஏமாற்றியது.

மறுபக்கம்: வானவில் மோகம்

இதற்கு எதிரான வாதம் ஒன்றையும் நாங்கள் மறைக்கலாகாது. “நாணயச்சாலை அனுப்பியபோது அந்நாணயம் வெண்மையாகத்தானே இருந்தது? நிறம் என்பது வேதியியற்படி அரிப்பின் தொடக்கம்தானே? அதை அழகு என்று கூறி விலை ஏற்றுவது வணிகத் தந்திரம் அன்றோ?” என்று கேட்போர் உளர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. வெண்மை குன்றாமல், கீறலும் இல்லாமல் காக்கப்பட்ட ப்ரூஃப் நாணயமே நாணயச்சாலையின் நோக்கத்துக்கு மிக நெருங்கியது. அத்தகைய ஒன்றை வைத்திருப்பவர் அதற்கு நிறம் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஏறாமல் காப்பதே முறை.

மேலும், வானவில் நிறங்களுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது என்று தெரிந்ததும், அந்நிறங்களை உண்டாக்கித் தரும் கைகளும் வந்துவிட்டன. வெப்பத்தாலும் கந்தகப் பொருள்களாலும் சில மணி நேரத்தில் பல ஆண்டு நிறத்தை ஏற்றிவிடுகின்றனர். இயல்பான நிறம் பெரும்பாலும் காற்றுப் புகும் விளிம்பில் தொடங்கி, படலத்தின் தடிமன் வரிசைப்படி உள்நோக்கி நகரும். ஒரு நிறம் மற்றொன்றில் மெல்லக் கரையும். செயற்கை நிறமோ வரிசை தவறி, திடீரென்று முடிந்து, மைதீட்டியதுபோல் மிதந்து நிற்கும். பழைய கீறல்களின் உள்ளும் புதிய நிறம் பாய்ந்திருக்கும். இவை உதவும் குறிப்புகளே. முடிந்த முடிவுகள் அல்ல. பல்லாண்டு பழகிய கண்களும் இதில் தவறியதுண்டு. எனவே, நிறத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பதைத் தொடக்கநிலைச் சேகரிப்பாளர் தவிர்ப்பதே நலம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பெட்டகமும் பெட்டியும்

வங்கி வாடிக்கையாளர்கள் பலர் ப்ரூஃப் தொகுப்புகளைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, அவை பத்திரமாக உள்ளன என்று மன அமைதி கொள்கின்றனர். திருட்டைப் பொறுத்தவரை அது சரியே. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நேரும் இழப்புக்கு, ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்கிறது. ஆனால் பெட்டகத்துக்குள் நாணயம் மெல்ல நிறம் மாறுவது இவற்றுள் எதிலும் சேராது. எஃகுக் கதவு கள்வரைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது.

ஆகவே சில எளிய முறைகளைப் பின்பற்றலாம். தொகுப்பை அதன் மூலப்பெட்டியிலிருந்து பிரிக்காமல், காற்றுப்புகா உறை ஒன்றில் இட்டு, உடன் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்க வேண்டும். அப்பொட்டலத்தை ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்ததும் மாற்ற வேண்டும். செய்தித்தாளில் சுற்றுவதும் ரப்பர் வளையம் இடுவதும் கூடாது. மென்மையான பி.வி.சி. உறைகளில் தனி நாணயங்களை வைக்கலாகாது. அவை நாளடைவில் சிதைந்து, பச்சை நிறப் பிசுக்கை விட்டு உலோகத்தை அரிக்கும். நாணயத்தைத் தொடவே நேர்ந்தால், விளிம்பை மட்டும், பருத்திக் கையுறையுடன் பிடித்து, கீழே மெத்தென்ற துணி விரித்துக்கொள்ள வேண்டும். அதன்மீது பேசுவதும் ஆபத்தே. தெறிக்கும் எச்சில் துளி சில ஆண்டுகளில் கரும்புள்ளியாக எழும்.

இங்கு நாணயச்சாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எங்கள் கைகளுக்கு வந்த பழைய தொகுப்புகளில், வெல்வெட்டும் அட்டையும் பதித்த பெட்டிக்குள்ளேயே நாணயங்கள் கறுத்திருக்கக் கண்டுள்ளோம். அழகிய பெட்டி விற்பனைக்கு உதவும். நாணயத்துக்கு வேண்டியது வினைபுரியாத பெட்டி. ரிசர்வ் வங்கியின் 90 ஆண்டு நிறைவை ஒட்டி 2024 இல் வெளியான 90 ரூபாய் நாணயம் போன்று, தூய வெள்ளியில் 40 கிராம் எடையில் நினைவு நாணயங்கள் வரத் தொடங்கியுள்ள இக்காலத்தில், பெட்டிக்குள் இந்திய மொழிகளில் அச்சிட்ட ஒரு சிறு துண்டுத்தாள் இருந்தால் போதும். “துடைக்காதீர், தேய்க்காதீர்” என்ற இரு சொற்கள் எத்தனையோ நாணயங்களைக் காத்திருக்கும்.

விற்கும்முன் அறிய வேண்டியவை

நிறம் மாறிய ப்ரூஃப் நாணயத்தை விற்க எண்ணுவோர் முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாதிருப்பதே. துலக்காமல், உள்ள நிலையிலேயே இரண்டு மூன்று இடங்களில் காட்டி விலை கேட்க வேண்டும். எடைக்கு விலை கூறுபவரிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடலாகாது. அரசு வெளியிட்ட நாணயத்தை உருக்குவது 2011 ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்பதையும் நினைவில் கொள்க.

தரமிடுதலுக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவோர் மற்றொரு சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, 100 ஆண்டு நிறைந்த நாணயங்கள் தொல்பொருள்கள். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப இயலாது. 1969 ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு இத்தடை பொருந்தாது. விக்டோரியா காலத்து ரூபாய்க்குப் பொருந்தும். தரமிடும் கட்டணமும் அனுப்பும் செலவும் நாணயத்தின் விலையையே விஞ்சிவிடுமா என்று கணக்கிட்டுப் பார்ப்பதும் அறிவுடைமை.

பழைய நாணயங்களுக்கு இலட்சக்கணக்கில் விலை தருவதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணமோ வரியோ கேட்கும் மோசடிகள் குறித்து அவ்வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. இத்தகைய வணிகத்தில் ரிசர்வ் வங்கி ஈடுபடுவதில்லை. யாருக்கும் அனுமதி அளிக்கவும் இல்லை. அத்தகைய அழைப்பு வந்தால் பணம் செலுத்தாமல் துண்டித்துவிடுவதே முறை.

இறுதியாக ஒன்று. ப்ரூஃப் நாணயத்தை வைப்புத்தொகைக்கு மாற்றாகக் கருதலாகாது. அதற்கு வட்டி இல்லை. முதிர்வு நாளும் இல்லை. விலை சொல்ல ஒருவர் வந்தால்தான் விலை. கண்டு மகிழவும், பிள்ளைகளுக்குக் காட்டவும், ஒரு காலத்தை உள்ளங்கையில் ஏந்தவும் அதை வாங்குவோர் ஏமாறுவதில்லை.

எங்கள் நண்பரின் குடும்பத்தில் நடந்ததையும் கூறி முடிக்கிறோம். மகனுக்கு நாங்கள் நடந்ததை விளக்கியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, தேய்த்த நாணயத்தை மீண்டும் கறுக்கச் செய்ய வழியுண்டா என்று கேட்டார். உண்டு; ஆனால் அது இரண்டாவது பொய்யாகும் என்றோம். தங்கையோ, “இரண்டு பெட்டியும் அப்பா வாங்கியதுதானே அண்ணா, விற்றால் சேர்த்தே விற்போம், வருவதைப் பாதியாக எடுத்துக்கொள்வோம்” என்றார். அதன்பின் விற்கும் பேச்சே எழவில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இரண்டு பெட்டிகளும் மறுபடி பெட்டகத்துக்குச் சென்றன.

தேய்த்த நாணயத்தின் விளிம்பில் இனி மெல்ல மெல்லப் பொன்னிறம் படரக்கூடும். அதன் அடியில் மயிரிழைக் கீறல்கள் அப்படியே இருக்கும். வாசகர்கள் தத்தம் வீட்டுப் பெட்டியை அடுத்த முறை திறக்கும்போது, கறுத்த வெள்ளி நாணயம் ஒன்று கண்ணில் பட்டால், துணியை நாடிச் செல்லும் கையை ஒரு கணம் நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.